கடைசியாக வருபவருக்கு யார் பொறுப்பு?

சைக்கிள் வாங்கி, தனியாக 30, 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கு அடுத்த ஆசை நூறு; அது முடிந்தால் இருநூறு. அவ்வளவு தூரம் தனியாகப் போகத் தயக்கம், வீட்டிலும் விடமாட்டார்கள். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார். ஞாயிறு விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூர், மகாபலிபுரம் போய் வரலாம் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். புதியவரும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அலாரம் வைத்துப் படுத்துவிடுகிறார். எந்த வேகத்தில் போவார்கள், பின்தங்கினால் யார் நிற்பார்கள், விழுந்தால் யார் மருத்துவமனைக்கு வருவார்கள் என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. முக்கால்வாசி நாள் ஒன்றும் ஆகாமல் முடிந்துவிடுகிறது. ஒன்று ஆகும் நாளில்தான் தெரிகிறது, குழு என்று நினைத்தது ஒரே சாலையில் ஒரே நேரத்தில் போன தனித்தனி ஆட்கள் என்பது. முன்னால் போனவர்கள் டிபன் கடையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வந்தவரை ஒரு வேன் உரசித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. அதன் பிறகு நடப்பது எல்லாம் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி. மருத்துவமனையில் "தானே விழுந்துவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். காவல் நிலையத்தில் ஒரு ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஓட்டுநர் நீட்டும் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்துத் தோள் எலும்புக்கு அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லும்போதுதான் வக்கீலைத் தேடுவார்கள்.

புதியவர்கள் குழுவைத் தேடும் விதமே தவறு என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. தூரத்தைப் பார்க்கிறார்கள், படங்களைப் பார்க்கிறார்கள், ஸ்ட்ராவா செயலியில் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குழுவில் கடைசியாக வருபவருக்கு என்ன ஏற்பாடு? முன்னால் போகிறவரின் வேகம் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசி ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் குழுவுக்குக் குழு வித்தியாசம். புதியவர் முதல் சில மாதம் அந்தக் கடைசி ஆளாகத்தான் இருக்கப்போகிறார் என்பதால் அவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு கிடையாது.

நீண்ட தூர சைக்கிளில் உலகம் முழுக்க மதிக்கப்படும் ஏற்பாடு பிஆர்எம் எனப்படும் பிரெவே. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகள். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பு ஊர் ஊராக உள்ள கிளப்புகள் வழியே நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபருக்குள் இந்த நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர். கணக்குப் போட்டால் சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர். கேட்க எளிதாக இருக்கிறது. அதனால்தான் நிறையப் பேர் நாலு ஞாயிறு ஓட்டிவிட்டு நேரே 200க்குப் பதிவு செய்கிறார்கள். அவர்கள் கவனிக்காத வரி விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது: ஓட்டத்தின்போது ஒவ்வொருவரும் தன் சொந்தப் பயணத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். துணை வாகனம் வழிநெடுகக் கூடவே வரக் கூடாது. கன்ட்ரோல் எனப்படும் சரிபார்ப்பு இடங்களில் மட்டும்தான் உதவி பெறலாம். இரவு வெளிச்சமும் ஒளிரும் மேற்சட்டையும் கட்டாயம். பஞ்சர் போடத் தெரியாதவர், இரவில் 30 கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பார்க்காதவர் அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. அமைப்பாளர் ஒளிக்கவில்லை, முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். பிஆர்எம் புதியவருக்கு ஏற்ற குழு ஓட்டம் இல்லை. ஏற்ற குழு ஓட்டங்களில் பழகியவர் போக வேண்டிய இடம் அது.

அப்படியானால் ஏற்றது எது? சென்னையில் வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப் போல வருடக்கணக்காக நடக்கும் குழுக்கள் இருக்கின்றன; கோவை, மதுரை, திருச்சி என்று மற்ற ஊர்களிலும் உண்டு. பெரிய சைக்கிள் கடைகள் வாடிக்கையாளர்களுக்காக வார ஓட்டம் நடத்துகின்றன. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே குழுவில் ஒரு ஓட்டம் புதியவருக்கானது, இன்னொன்று பந்தயப் பயிற்சி. அறிவிப்பில் "நோ டிராப்" என்று இருக்கிறதா என்று பாருங்கள், அதாவது யாரையும் விட்டுப்போகாத ஓட்டம். இருந்தாலும் அந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், இப்போது எல்லோரும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்வீப் யார் என்று கேளுங்கள். கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து, அவர் நின்றால் நிற்க வேண்டியவர்தான் ஸ்வீப். அவருடைய பெயரும் எண்ணும் முந்தைய இரவே கிடைத்தால் அந்தக் குழு வேலை தெரிந்தது. "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் அங்கே ஸ்வீப் கிடையாது என்று பொருள். அடுத்து, எந்தெந்த இடத்தில் எல்லோரும் கூடி நின்று தலை எண்ணிப் போவார்கள் என்று கேளுங்கள். ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் அக்கரை, கோவளம், மகாபலிபுரம் என்று ஊர்ப்பெயராகப் பதில் வர வேண்டும். சராசரி வேகத்தைக் கேட்கும்போது ஓடும்போது உள்ள வேகமா, நிற்கும் நேரமும் சேர்த்தா என்று பிரித்துக் கேளுங்கள். பாதி ஏமாற்றம் இந்த ஒரு குழப்பத்தில் வருகிறது. காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஆர்எம் காலம் வடகிழக்குப் பருவத்தோடு தொடங்குகிறது. நவம்பர், டிசம்பரில் சென்னையிலிருந்து தெற்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். என்ன வேகமாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். பின்தங்குவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான், அந்நேரம் குழு சிதறிவிட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். திரும்பும் வழிக்கும் ஸ்வீப் உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இத்தனை கேட்டால் மகிழ்ச்சிக்காக ஓட்டுகிறவர்களின் முகம் சுருங்கும், இது என்ன கம்பெனி இன்டர்வியூவா என்பார்கள் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பும்கூட, சம்பளம் வாங்காமல், சொந்த நேரத்தைச் செலவழித்து நாற்பது பேரைக் கூட்டிப்போகிறவர் மீது நிபந்தனைகளை அடுக்குவது அழகில்லைதான். ஆனால் கேள்வி கேட்பதும் அவரைப் பொறுப்பாளி ஆக்குவதும் வேறு வேறு. ஸ்வீப் இல்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னால் அந்த ஓட்டத்துக்குத் துணைக்கு ஒரு நண்பரோடு போகலாம், அல்லது பாதியில் திரும்பும் திட்டத்தோடு போகலாம். தெரியாமல் போவதுதான் ஆபத்து. இன்னொரு மறுப்பு, தனியாகப் போவதைவிடக் கும்பலாகப் போவது எப்படியும் பாதுகாப்புதானே என்பது. லாரிக்காரர் கண்ணுக்கு இருபது சிவப்பு விளக்குகள் ஒன்றைவிட நன்றாகத் தெரியும், அது உண்மை. ஆனால் குழுவில் விழுகிறவர்களை வண்டி மட்டும் விழத்தள்ளுவதில்லை. முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தொட்டால், முன்னவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னவர் தரையில் இருப்பார். ஒருவர் பள்ளத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஒதுங்கினால் பின்னால் மூவர் விழுவார்கள். இதில் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடும் வேண்டாம் என்று சந்தோஷப்படுகிறோம். மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. சைக்கிள்காரர் இன்னொரு சைக்கிள்காரரை இடித்துக் காலை உடைத்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. கட்டாயக் காப்பீடு என்று பின்னால் நிற்க ஒரு கம்பெனியும் கிடையாது. நாய் குறுக்கே வந்து விழுந்தாலும் அப்படித்தான். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை பணம் கட்டாத சிகிச்சை தருகிறது. ஆனால் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்குத்தான். ஆகவே குழுவுக்குள் நேரும் விபத்துக்கு உங்கள் சொந்தக் காப்பீடு மட்டுமே துணை. மருத்துவக் காப்பீட்டில் ஆபத்தான, சாகச விளையாட்டுகளுக்குப் பணம் கிடையாது என்ற பொது விலக்கு இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அந்த விலக்கின் வாசகம் அவற்றில் தொழில்முறையாகப் பங்கேற்பவர்களைக் குறிக்கிறது. மலையேற்றம், மோட்டார் பந்தயம், ஸ்கூபா போன்றவற்றை உதாரணமாகச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுகிறவரை அதில் தள்ளினால் எதிர்த்து எழுதலாம். தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு. அதில் பந்தயம் பற்றிய விலக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாலிசியை எடுத்துப் படியுங்கள். எதுவுமே இல்லாதவர் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுக்காவது எழுதிக் கொடுக்கட்டும்: 18 முதல் 70 வயது வரை, வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 2 லட்சம். ஹெல்மெட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் இந்த 20 ரூபாயைக் கட்டாமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி மோட்டார் வாகனம் இடித்தால் செய்ய வேண்டியது. இங்கேதான் மிகப் பெரிய கோட்டைவிடல் நடக்கிறது. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் முதலில் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு, பேச்சில் ஏ.ஆர். காப்பி. எப்படி அடிபட்டது என்று பணியிலிருக்கும் மருத்துவர் கேட்பார். போலீஸ் தொல்லை வேண்டாம், சீக்கிரம் தையல் போட்டால் போதும் என்று கூட வந்த நண்பர், "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார் டாக்டர்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். தானே விழுந்தவர் பிறகு ஒரு வண்டியைக் கண்டுபிடித்து வழக்குப் போடுகிறார் என்பார். அப்படிப் போலி வழக்குகளும் நடந்திருப்பதால் நீதிபதியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வண்டி இடித்திருந்தால் வண்டி இடித்தது என்று சொல்லுங்கள். எண் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் அடையாளம் தெரியாத வாகனம் என்று. எந்த இடம், எத்தனை மணி என்று சேர்த்துச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கூட வருகிற நண்பர்தான் பெரும்பாலும் இதைச் சொல்லப்போகிறவர் என்பதால் குழுவில் உள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. வரவேற்பு மேசையில் அதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். பெயரைச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். தூக்கிக்கொண்டு வந்தவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ சாட்சியாக வரச் சொல்லியோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு அவருக்கான பாதுகாப்பு.

அடுத்தது காவல் நிலையம். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் கையில் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை அல்ல. ரசீதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டு வழக்கு ஓடுகிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள்; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அதை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்ற பதில் ஈசிஆரில் அடிக்கடி கேட்கும், ஏனென்றால் அந்த ஒரே சாலையில் சென்னை மாநகரக் காவல், தாம்பரம் ஆணையரகம், செங்கல்பட்டு மாவட்டக் காவல் என்று எல்லை மாறிக்கொண்டே போகிறது. சென்னைக்குள் விபத்து வழக்குகளுக்குப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு தனி. இந்தக் குழப்பம் காவல்துறையின் குழப்பம், அடிபட்டவருடையது அல்ல. அதே 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது; பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்கள் அனுப்பட்டும். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, ஆணையரகமாக இருந்தால் துணை ஆணையருக்கு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் மனு. தொலைபேசியில் அழைத்துப் பேசியதற்குச் சாட்சி கிடையாது, தாளில் போங்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: கையில் உள்ள தாளில் குற்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வழக்கு இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் காவல்துறையின் வேலை முடிந்துவிடுவதில்லை, முடிந்துவிட்டதுபோல் நடந்துகொள்வார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் படிவத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. இரண்டாம் படிவம் உங்கள் கைக்கு வந்ததா என்று கேட்டால் எத்தனை பேர் வந்தது என்பார்கள்? கேட்டு எழுதுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றம், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்ற வளாகம். காலக்கெடு, விபத்து நாளிலிருந்து 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் வந்த கெடு இது. இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, அவற்றை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 6 மாதம் என்றால் 6 மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பெரும் காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் தரும் 164ஆம் பிரிவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அதில் போவதா, தவறை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்கும் 166இல் போவதா என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வக்கீலுக்கு வழியில்லாத பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், குறைந்த வருமானக்காரர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இலவசமாக வக்கீல் கிடைப்பார், தொலைபேசி 15100. சைக்கிளும் சொத்துதான், அதன் சேதத்தையும் கேட்கலாம். ஆனால் வாங்கிய பில்லும் சைக்கிளின் ஃபிரேம் எண்ணும் கையில் இருக்க வேண்டும். விபத்தான மறுநாளே கடையில் கொடுத்து ஃபோர்க்கை மாற்றி, வளையத்தை நிமிர்த்தி, கழுவித் துடைத்து வைத்துவிடுகிறார்கள்! உடைந்த சைக்கிளும் உடைந்த ஹெல்மெட்டும் சாட்சிகள். படம் எடுத்து, விசாரணை அதிகாரி பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு சரிசெய்யுங்கள்.

தீர்ப்பாயம் முழுத் தொகையையும் தந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழித்துவிடும். குழு ஓட்டத்தின் வழக்கங்கள் இங்கே வினையாகும். அரட்டை அடித்தபடி மூன்று பேர் வரிசையாகச் சாலையை அடைத்துப் போனது, விடிவதற்கு முன் பின்விளக்கு இல்லாமல் போனது, ஒருவழியில் எதிர்த்திசையில் வந்தது எல்லாம் காப்பீட்டுக் கம்பெனிக்கு விருந்து. யாரோ ஒருவரின் கேமராவில் எடுத்த காணொளியைக் குழுவே பெருமையாக ஏற்றி வைத்திருக்கும்; அதைவிட நல்ல ஆதாரம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? தடை உள்ள சாலையில் குழு கூட்டிப்போனால் நிலைமை இன்னும் மோசம். பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களோடு மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தடை. விரைவுச் சாலைகள் கூடக்கூட இப்படிப்பட்ட பலகைகளும் கூடும். குழு அனுப்பும் ஜிபிஎக்ஸ் பாதைக் கோப்பில் கோடு இருக்கிறது என்பதற்காகச் சாலையில் அனுமதி இருப்பதாக ஆகாது. பாதையை முன்கூட்டியே பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வாங்கி நடத்தும் ஓட்டங்களில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் இடித்த லாரியின் மீதும் வழக்குப் போட முடியாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் உங்களுக்கும் அமைப்பாளருக்கும் நடுவில் உள்ளது. லாரியின் காப்பீட்டுக் கம்பெனிக்கு அதில் இடமே இல்லை. அமைப்பாளரின் விஷயத்திலும் அது முழுக் கவசம் என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ், துணை வாகனம், மருத்துவர் என்று விளம்பரம் செய்து பணம் வாங்கிவிட்டு ஒன்றையும் வைக்காதவர், சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. முதலில் 1915க்குப் பேசிப் பார்க்கலாம். விளம்பரப் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் இலவசமாக நண்பர்கள் கூடிப் போகும் வார ஓட்டத்துக்கு இந்த வழி கிடையாது. பணம் கொடுக்காத இடத்தில் நுகர்வோர் இல்லை. அதனால்தான் முதலில் சொன்ன ஸ்வீப், கூடும் இடம் போன்றவற்றை முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறகு கேட்க ஆணையம் எதுவும் இல்லை.

கடைசியாக, இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி. விடிகாலை ஓட்டங்களில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். எண் கிடைக்கவில்லை, அதனால் ஒன்றும் கிடைக்காது என்று பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி அடையாளம் தெரியாத வாகனத்தால் மரணம் நேர்ந்தால் 2 லட்சம், பெரும் காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு நீதிமன்றமே வேண்டாம். விபத்து நடந்த தாலுகாவின் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர்தான் விசாரணை அலுவலர். மாவட்ட ஆட்சியர் தீர்வு ஆணையர். முதலாம் படிவத்தில் விண்ணப்பம், எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனை பில், ஆதார் போன்ற அடையாளச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். இவற்றைக் கொடுத்துவிட்டு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். விசாரணை அறிக்கை ஒரு மாதத்தில் ஆட்சியருக்குப் போக வேண்டும், அவர் 15 நாளில் உத்தரவிட வேண்டும், பணத்தைப் பொதுக் காப்பீட்டு மன்றம் நேரே வங்கிக் கணக்கில் போடும். தாலுகா அலுவலகத்தில் அப்படி ஒரு படிவமே இல்லை என்பார்கள். போலீசைப் போய்ப் பாருங்கள் என்பார்கள். தேர்தல் வேலை முடியட்டும் என்பார்கள். விண்ணப்பத்தை வாங்காவிட்டால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமே மனுவாகக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பணமும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நகராது, எஃப்.ஐ.ஆரும் மருத்துவமனையில் முதலில் சொன்ன வார்த்தையைப் பார்த்துத்தான் நிற்கும். ஆகவே விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் யாரானாலும், அவசரப் பிரிவின் வாசலில் "தானே விழுந்துட்டார்" என்று சொல்லக் கூடாது. எந்த இடம், எத்தனை மணி, எந்த நிற வண்டி என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.